ஒரு நூல் கூடுதலான சாம்பல்

எனக்குப் பொறுமை கிடையாது. பெயிண்ட் கடையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தால் மண்டை காய்ந்துவிடும். அன்று சிரம்பான் டவுனில் அக்கா என்னை அப்படித்தான் நிற்க வைத்தாள்.

தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவள் அக்கா. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். கேட்காமல் செண்டாயானில் சின்னதாக ஒரு வீடு வாங்கினாள். அங்கே யார் கையையும் பிடிக்காமல் தனியாக இருக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் ஒரு தடவை எதிலாவது இடித்துக்கொண்டாலும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கடையில் அவள் கையில் சுவர் பெயிண்டுக்கான இரண்டு நிற அட்டைகள். இரண்டுமே பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்லா அக்கா. வெளிச்சமா இருக்கறத எடு" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணு. எனக்கு இல்லடி."

இரண்டிலும் ஒரு சின்ன டின் வாங்கினாள். புது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பலகைத் துண்டுகளில் அடித்து, வெள்ளைக் கதவு நிலையின் பக்கத்தில் சாய்த்து, காலையிலும் மத்தியானத்திலும் விளக்கு போட்டும் பார்த்தாள்.

"இந்த வெளுப்புல நெல காணாமப் போவுது. அதுல பாரு, தனியாத் தெரியுது. ஒரு நூலு சாம்பல் கூடுதல், அவ்வளவுதான்." சுவரெல்லாம் அதையே அடிக்க வைத்தாள்.

பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் கட்டையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அதன் நிறம் லேசாக மாறும். அங்கே கத்தியை நிறுத்தாவிட்டால் மரத்துக்குக் காயம். விடியாத இருட்டில் முப்பது வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவள். நல்ல கண் இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பால் காய்ச்சும் நாளன்று விடிகாலையிலேயே போய், நல்ல காரியமாயிற்றே என்று வாசல் நிலை மட்டுமில்லாமல் எல்லா அறை நிலைகளிலும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசினேன். பால் பொங்கியது. முதல் டம்ளரை எனக்குத் தர அக்கா அடுப்படியிலிருந்து எடுத்து வந்தாள். தோள் நிலையில் இடித்தது. பால் தரையெல்லாம் கொட்டியது.

அக்கா காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். துணிமணிய எடுத்து வைக்கிறேன்."

நான் ஜெயித்துவிட்டேன். பிறகுதான் நிலையைப் பார்த்தேன். மஞ்சளில் வெள்ளை மறைந்து, நிலையும் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் மூன்று வேளை பார்த்துத் தேடிய எல்லைக்கோட்டை நான் ஒரே காலையில் அழித்திருந்தேன்.

வாளியில் தண்ணீர் பிடித்து வந்து எல்லா நிலைகளையும் துடைத்தேன். மூலையில் ஒரு பொட்டு மட்டும் விட்டேன்.

"இடிச்சது நீ இல்லக்கா. நான்தான் இடிக்க வச்சேன். இன்னொரு டம்ளர் கொண்டா."

கொண்டு வந்தாள். நிலைக்கு நடுவில், நேராக, ஒரு சொட்டு சிந்தாமல்.

சாயங்காலம் நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன்.