நாண் இல்லாத வில்

பிள்ளைகளே, கட்டாரில் முதலாளி தந்த, மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் பழைய வில்லை உங்களுக்குத் தரலாமா என்று கேட்க, ஓட்டமாவடியில் பழைய சாமான் விற்கும் நானாவிடம் போனேன். தூக்கம் காணாத கண்கள் அவருக்கு. எதைத் தொடுமுன்னும் கையை இடுப்புச் சாரத்தில் துடைப்பார். மூன்று துண்டுகளையும் பூட்டி, ஒரு கண்ணை மூடி, வில்லின் நீளத்துக்கும் பார்த்தார்.

“அருமையான மரம், தம்பி. மேல்துண்டிலயும் கீழ்த்துண்டிலயும் ஒரே இலக்கம், சோடி மாறல்ல. ஆனா மறுபக்கமா வளைச்சு நாண் பூட்டினது ஆரு?”

“நான்தான், நானா. நுனி முன்னுக்கு வளைஞ்சு கிடந்திச்சு. பிழையெண்டு நினைச்சிட்டன்.”

“அது அப்பிடித்தான் வளைஞ்சிருக்கணும். செஞ்சவனுக்கே படிப்பிச்சிருக்காய்!” சலிப்போடு சிரித்து, மயிர்போல ஓடிய வெடிப்பைக் காட்டினார். “இனி இழுத்தா உடைஞ்சு பிள்ளைட கண்ணுல குத்தும்.”

“இழுக்கமாட்டன்.”

“எல்லாரும் சொல்றதுதான்” என்று, வில்லோடு நான் கொண்டுபோன நாணைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வில்லை மட்டும் தந்தார். கோபம்தான் வந்தது.

வீட்டு வாசலில் நீங்கள், “அப்பா, ஒருக்கா இழுங்க” என்று என் கையில் தொங்கினீர்கள். நாண் இருந்திருந்தால் இழுத்திருப்பேன்.