ஞானஸ்நானத்துக்குப் போன எழுபத்தைந்து கிலோமீட்டர்

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேலை சென்ற மாதம் கிடைத்தபோது எனக்கு வாயெல்லாம் பல். சரக்கு போய்ச் சேரும் அதே சனிக்கிழமை ஒரு மணிக்கு மொன்றியலின் வில்லரே பகுதியில் தங்கை மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். வேலையோடு வேலையாக விசேஷத்துக்கும் தலைகாட்ட நினைக்கும் ட்ரக் ஓட்டுநர்களுக்காக இதை எழுதுகிறேன். தெளிவாக இருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

மொன்றியலுக்குச் சற்று வெளியே, வோட்ரோயில் கம்பனி வளவில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்தபோது காலை பதினொன்று. அடுத்த சரக்கு ஞாயிறு காலை, நடுவில் ஓய்வு. நாம் ஓட்டும் நேரத்தை ட்ரக்கில் உள்ள கருவி தானே பதிந்துகொள்ளும். சொந்தத் தேவைக்கு ஓட்டுகிறோம் என்று அதில் அமத்திவிட்டால், அந்த ஓட்டமும் ஓய்வாகவே கணக்காகும். இரண்டு வருடமாக அமெரிக்கப் பக்கம் ஓடியவன் நான். அங்கே இதற்குத் தூர எல்லை கிடையாது. அந்த நினைப்பில் கோட்டும் சூட்டுமாக வெறும் ட்ரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழி தாண்டி டோர்வாலில் கோப்பி குடிக்க நிறுத்தினேன். இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. கருவியோ ‘மீதி 47’ என்றது. மீதியா? எதற்கு மீதி?

அலுவலகத்தில் சரக்குப் பிரித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு போன் எடுத்தேன். கனடாவில் ஒரு நாளைக்கு எழுபத்தைந்துதான், போகவும் வரவும் சேர்த்து என்றாள். தாண்டினால் கருவி அதை வேலை நேரமாக மாற்றிவிடுமாம். ஓய்வு முறியும், காலைச் சரக்கு வேறொருவருக்குப் போகும். நம்பாமல் ரொறன்ரோ பக்கம் பிரம்டனில் ட்ரக் ஓட்டும் நண்பன் சிவாவைக் கேட்டேன். ட்ரக்கை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து எண்ணும் என்று அடித்துச் சொன்னான். அப்படியே செய்தேன். 47 அசையவில்லை.

வளவிலிருந்து தேவாலயம் நாற்பத்து மூன்று. போய்வந்தால் எண்பத்தாறு. கோப்பி ஆறும்வரை கூட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே எண்பத்தாறு.

கடைக்காரரிடம் கேட்டு ட்ரக்கை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். அது வர அரை மணி. பிறகு மெட்ரோ. ஜான்-டலோன் நிலையத்தில் இறங்கிச் சந்தைக்கு வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். நம் ஆட்களின் கல்யாணம் என்றால் பிந்தித்தான் தொடங்கும். ஆனால் சுவாமியார் அடுத்த குடும்பத்தையும் பார்க்க வேண்டுமே. நான் உள்ளே நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்குப் பதிலாக மச்சானின் தம்பி நின்றிருக்கிறார்.

மூச்சு வாங்க முழுக் கதையையும் தங்கையிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

“அண்ணை, எனக்கொரு கோல் எடுத்திருந்தால் இவர் காரிலை வந்து ஏத்தியிருப்பார்தானே?”

அலுவலகத்துக்கு எடுத்தேன், பிரம்டனுக்கு எடுத்தேன், பக்கத்தில் இருந்த தங்கைக்கு எடுக்கத் தோன்றவேயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து, இன்னொருவர் வண்டியில் ஏறலாம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எனவே, போகிறவர்களே, கனடாவில் ட்ரெய்லரைக் கழற்றுங்கள், சரக்கு இருக்கக்கூடாது, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓடிய தூரத்தைப் பதியுங்கள், எழுபத்தைந்தைத் தாண்டாதீர்கள். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல் விசேஷ வீட்டுக்கு எடுத்துப் பேசுங்கள்.

தேவாலயப் பதிவில் ஞானத்தகப்பன் என்று என் பெயர்தான் இருக்கிறது. தங்கை பிள்ளையை என் கையில் தந்தாள். தண்ணீர் ஊற்றிய அதன் தலைமயிர் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.