எழிலனைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மகிழினி பொய் சொல்கிற பெண் இல்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இன்றும் அம்மாவோடு இருக்கிறாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அவள் சொன்னதை, சொன்ன நேரங்களோடு அப்படியே எழுதுகிறேன்.

அவள் தம்பி எழிலன் காணாமல் போனது போன வருஷம் பிப்ரவரி 8, சனிக்கிழமை ராத்திரி. வயது இருபத்தொன்று. நண்பன் ஒருவனின் பிறந்தநாள் என்று நாலு பேர் இரண்டு பைக்கில் போனார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். "திருவொற்றியூர் தேரடியாண்ட 11:40க்கு எறக்கி வுட்டோம். ஷேர் ஆட்டோ ஏறிட்டான்." மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அந்த மூவரில் ஒருவன் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்துப் பையன். எழிலனுக்கு உயிர்த் தோஸ்து. அவன் இல்லாவிட்டால் அந்தப் பதினொரு மாதத்தை மகிழினி தாண்டியிருக்க மாட்டாள். போஸ்டர் ஒட்டியது அவன். ஆஸ்பத்திரி பிணவறைக்குக் கூடவே வந்து, அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தது அவன். ஏதோ ஒரு பெண்ணோடு பெங்களூர் போயிருப்பான் என்று முதலில் ஒரு பேச்சு. அது பொய்யானதும் கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டான் என்று ஒரு பேச்சு. பிறகு விஜயவாடா ஸ்டேஷனில் யாரோ பார்த்தார்களாம். ஒவ்வொரு சேதியையும் ஸ்டானிஸ்லாஸ்தான் விசாரித்துக்கொண்டு வருவான். அம்மா பட்டம்மாள் அந்தச் சேதியை வைத்து ஒரு மாதம் சாப்பிடுவாள்.

கடைசியில் மகிழினி அவனையே கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். பிப்ரவரியில் நிச்சயம் என்று பேச்சு.

இந்த ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. முதல் தடவையாக ஸ்டானிஸ்லாஸ் கொண்டுவராத ஒரு சேதி வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு இறால் ஷெட்டில் எழிலன் மாதிரியே ஒரு பையன் வேலை செய்கிறானாம். மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர் சொன்னார்.

"அங்க வேணாம் மகி," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"ஏன்?"

"அங்கல்லாம் இருக்க மாட்டான்."

அவள் பிடிவாதம் பிடித்தாள். அவன் பைக்கில் போனார்கள்.

ஷெட்டில் இருந்தது எழிலன் இல்லை. வேறு யாரோ. திரும்பும்போது 6:25. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வழியில் ஒரு டீக்கடை. ரெண்டு டீ கேட்டாள்.

கடைக்கார அம்மா மூன்று கிளாஸ் வைத்தாள்.

"ரெண்டுதான்கா."

"அந்தத் தம்பிக்கு வேணாமா?" என்று பைக் பக்கம் கை காட்டினாள் அந்த அம்மா.

பைக் பக்கத்தில் யாரும் இல்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று மகிழினி நினைத்துக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் டீயைக் குடிக்கவில்லை. கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கிளாஸ் நிறைய இருந்தது. மூன்றாவது கிளாஸ் காலி.

6:38. கன்டெய்னர் யார்டு வாசலில் வாட்ச்மேன் கத்தினார்.

"ட்ரிபிள்ஸ் போவாதீங்கப்பா! முன்னாடி செக்கிங் கீது!"

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் கவனித்தாள்... அவள் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டு. பின்னால் இடம் விட்டு.

எப்போது இப்படி நகர்ந்தாள்? தெரியவில்லை.

பள்ளத்தில் பைக் இறங்கியபோது பின்பக்கம் தரையில் தட்டியது. இரண்டு பேர் எடைக்கு அப்படித் தட்டாது.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மழை இல்லை.

இன்னொரு சொட்டு.

சேற்று வாடை...

6:46. பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் செல்ஃப் பட்டனை அழுத்தினான். டிக்... டிக்... டிக்... அவ்வளவுதான். கீழே ஆறு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவளை அல்ல. அவளுக்குப் பின்னால்.

"நான் வுடலடா," என்றான்.

"யாருகிட்ட பேசற?"

"நான் புடிச்சிக்கினுதான்டா இருந்தேன்... கை வழுக்கிச்சு..."

அவள் காதுக்கு வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அவன் நடுவே நடுவே நிறுத்தினான். எதிராளி பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல. பிறகு பதில் சொன்னான்.

"ஆமா. கேட்டுச்சு."

மௌனம்.

"ஆமாடா. என் பேர் சொல்லித்தான் கூப்ட்ட."

மௌனம்.

"பயந்துட்டேன்டா... வண்டிய எட்த்துட்டேன்..."

மகிழினி இறங்கினாள். அவன் எதிரே போய் நின்றாள். அவனுக்குப் பின்னால் பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அவன் முகத்தையே பார்த்தாள்.

"தேரடியில எறக்கி வுட்டேன்னு சொன்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் எங்க எறங்கினான் ஸ்டானி?"

"இங்கதான் மகி. கீழ கல்லு மேல உக்காந்து குடிச்சிக்கினு இருந்தோம். வழுக்கிட்டான். சேத்துல மாட்டிக்கினான். 11:20 இருக்கும்."

"எவ்ளோ நேரம் கூப்ட்டான்?"

அவன் மறுபடி செல்ஃப் பட்டனை அழுத்தினான்.

கப்பல். பெங்களூர். விஜயவாடா. அம்மா கும்பிட்டுக்கொண்டே கேட்ட சேதிகள். எல்லாமே இவன் உட்கார்ந்து யோசித்துக் கட்டியவை. பிணவறைக்குள் போய் "அவன் இல்ல மகி, பயப்படாத" என்று சொல்லிக் கையைப் பிடித்தானே. எழிலன் உயிரோடு இல்லை என்று தெரிந்துதான் உள்ளே போனான். அந்தக் கையை அவள் பிடித்து அழுதிருக்கிறாள்.

அவள் நடந்தாள். பாலம் முடியும்வரை திரும்பவில்லை. தம்பி தன் பின்னால் வருவான் என்று ஒரு நப்பாசை. காலடிச் சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து ஸ்டானிஸ்லாஸ் கெஞ்சுவது மட்டும் கேட்டது.

"எறங்குடா... எழிலா... எறங்குடா..."

அப்போது வண்டி தானாக ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

அன்றிரவே அவள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று நாள் ஆற்றில் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் மகிழினியைத் தேடி வந்தார். பெயர் வேதமாணிக்கம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் அதே பிப்ரவரி 8 ராத்திரி பதினொரு மணி வாக்கில் அவர் கடைப் பூட்டை யாரோ உடைத்திருக்கிறார்கள். அதனால் அந்த ஒரு ராத்திரி கேமரா பதிவை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார்.

"போலீசுக்கும் ஒரு காப்பி குடுத்துட்டேன்மா. நீயும் ஒருவாட்டி பாத்துரு," என்றார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மகிழினி பார்த்தாள்.

மணி 12:31. பைக் வந்து நிற்கிறது. ஸ்டானிஸ்லாஸ் இறங்குகிறான். அவனுக்குப் பின்னாலிருந்து எழிலன் இறங்குகிறான். மஞ்சள் டி-ஷர்ட் சேறும் தண்ணீருமாக உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் திரும்பியே பார்க்கவில்லை. கதவைத் திறந்த அவன் அம்மா மகனுக்கு வழிவிடுகிறாள். பிறகு, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி, அடுத்தவனுக்கும் வழிவிடுகிறாள். கதவு மூடுகிறது.

அதற்குப் பிறகு விடியும்வரை தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

5:52க்குக் கதவு திறக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் மட்டும் வெளியே வருகிறான். போனைக் காதில் வைத்திருக்கிறான்.

அந்த 5:52 அழைப்பு வந்தது மகிழினிக்குத்தான். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். அவன் கேட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"எழிலன் வூட்டுக்கு வந்துட்டானா மகி?"