கறுப்பில் கருநீலம்

ஆஸ்திரேலியப் பாலைவனத்துக் கூபர் பீடியில் பாதி ஊர் மண்ணுக்கடியில்தான் குடியிருக்கிறது. மிர்கோவின் வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது. அதனாலோ என்னவோ, அவன் கணினித் திரையும் கும்மிருட்டு. படம், பொத்தான் ஒன்றும் இல்லாமல் எழுத்து மட்டுமே ஓடும் ஓர் அரட்டைக் குழுவில் பழியாய்க் கிடப்பான்.

அந்தக் குழு முழுவதற்கும் நிறம் வைத்தவன் அவனே. பெயருக்குப் பச்சை. ஒருவர் காதில் ஒருவர் ஓதும் தனிச்செய்திக்குக் கருநீலம். ரகசியம் என்றால் அடக்கமாக இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைத் திரைக்காரர்கள், குறை சொல்லவில்லை. அவன் திரையில் நடுநடுவே வெற்று வரி வரும். அதையும் தன் கைவண்ணம் என்றே நினைத்துக்கொண்டான்.

பொதுவில் அவன் ஜோக் அடித்தால் யாராவது ‘ம்’ போடுவார்கள். தனியாக ஒருவரும் பேசியதில்லை. ஒரு ஞாயிறு மதியம், பாதி தின்ற இறைச்சிப் பலகாரத்தை ஒதுக்கிவிட்டு, குழுவை விட்டே போகிறேன் என்று எழுதினான். அனுப்புமுன் அதை நகலெடுக்க மவுஸை இழுத்தான். கை வழுக்கித் திரை முழுவதும் தேர்வாகி, கறுப்பு வெள்ளையாய்ப் புரண்டது. வெற்று வரிகளில் எழுத்துகள்.

எல்லாம் கடலோரச் செடூனா ஊரிலிருந்து, அதே குழுவில் இருக்கும் நெரிடா அவனுக்குத் தனியாக அனுப்பியவை.

“ஏய் எலி, வளைய விட்டு வெளிய வந்தியா இல்லையா?”

“இங்க கடல் இன்னிக்கு உன் பேர் மாதிரியே பச்சையா இருக்கு. வந்து பாரேன்.”

இப்படி நிறைய. கடைசியாகப் போன மாதம்:

“பேசப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல. சரி, இனிமே தொந்தரவு பண்ணல.”

விடைபெறும் செய்தியை அழித்தான். நீலத்தைத் தூக்கிவிட்டு மஞ்சள் வைத்தான், பளிச்சென்றிருந்தது. பதில் தட்டி, அனுப்பப் போன விரல் நின்றது. அவளுடையது வெள்ளைத் திரை. வெள்ளையில் மஞ்சளா? இந்தத் தடவை குருட்டு வரி அவளுக்குப் போயிருக்கும். சிவப்பு வைத்தான், திட்டுவது போலிருந்தது. கடைசியில் நிறம் சொல்லும் வரியையே அழித்தான். அவரவர் திரையின் சொந்த எழுத்து நிறம் எதுவோ, அதிலேயே தெரியட்டும்.

“பிடிக்காம இல்ல நெரிடா. கண்ணுக்கே தெரியல. அந்த நீலத்த வச்ச மடையன் நான்தான்.”

அனுப்பினான். இப்போது குழுவில் இருப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் பச்சையாகத்தான் இருந்தது. பதில் வரவில்லை. பலகாரம் ஆறி விறைத்துப் போனது.

இனி எந்த எழுத்தும் ஒளிந்திருக்க வழியில்லை, அவனுக்கே தெரியும். இருந்தாலும் மவுஸை எடுத்து, தன் வரிக்குக் கீழே இருந்த வெறும் இருட்டின் மீது மெதுவாக இழுத்துப் பார்த்தான்.