களத்து வெயிலில் தயாவதி

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் மதனவதியை 'மகளை வெயிலில் போட்டு வளர்த்தவள்' என்பார்கள். முதலில் அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள்.

அவள் கணவர் அஜிதநாதனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரே மகள் தயாவதிக்கு ஆறு வயதில் முழங்கால்கள் வீங்கின. காலையில் விரல்களை மடக்க முடியாமல் அழுவாள். குழந்தைக்கே மூட்டுவாதம் என்றார்கள் சென்னை டாக்டர்கள். மாத்திரையில் வீக்கம் தணிந்தது. ஆனாலும் வலிக்குமே என்று பயந்து, பிள்ளையை அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1966இல் ஒருநாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது சறுக்கிக் கையை ஊன்றினாள். அப்படிச் சின்னதாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது.

காஞ்சிபுரத்தில் டாக்டர் கிருஷ்ணவேணி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த நோயும் எலும்பை அரிக்குது, மாத்திரையும் அரிக்குது. வெயிலும் படலைன்னா வைட்டமின் டி ஏதும்மா? அது இல்லாம எவ்ளோ பால் குடிச்சாலும் எலும்புல ஒட்டாது. மீன் எண்ணெய் எழுதித் தரேன்."

மதனவதி கைகூப்பினாள். "நாங்க ஜைனருங்கம்மா, மீன் தொடமாட்டோம். வேற எது சொன்னாலும் செய்றேன்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ வெயில்தான். கை காலெல்லாம் படணும். பால், கேழ்வரகு, எள்ளு குடு. நடக்க வை. மூட்டு நோய் இதால போயிடாது, எலும்பு உறுதியாவும். மாத்திரையை நீயா நிறுத்திடாதே."

மறுநாளே மதனவதி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனாள். காயும் நெல்லைக் காலால் துழாவிவிடுவது அவள் வேலை. முதலில் பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருந்தது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்தபடி நெல்லுக்குள் கால் பதித்தது.

"வலிக்குதும்மா."

"தெரியுது கண்ணு. அந்த ஓரம் வரைக்கும் வா, உக்காந்துக்கலாம்."

பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வீடு. அதனால் மாலைப் பாலை இருட்டுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று, மாடு கறக்கும் இடத்துக்கே டம்ளரோடு போய் நிற்பாள்.

நாத்தனார் குணமாலாவுக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணைக் கரிக்கட்டையாட்டம் ஆக்கிக்கினு இருக்கியே, யாரு கட்டிக்குவான்?"

"கறுத்தா கறுக்கட்டும் அண்ணி. அவ கால்ல அவ நிக்கட்டும்."

பதினான்கு வயதில் தயாவதி அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் விழுந்தாள். மதனவதி தலைதெறிக்க ஓடினாள். முழங்கை சிராய்ந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. மண்ணைத் தட்டிவிட்டு மகள் மறுபடி ஏறப்போனதைப் பார்த்து, திட்ட வந்தவள் அவள் ஏறுவதற்குச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

நோய் முழுதாக விடவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் கனக்கும், பேனாவைப் பிடிக்க விரல்கள் தயங்கும். ஆனாலும் 1978இல் வாலாஜாபாத் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். முதல் நாள் மதனவதியும் கூடவே பஸ்ஸில் போனாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்:

"வாலாஜாபாத் ரெண்டு. இவ என் பொண்ணு. டீச்சர்."