பெட்டி தூக்கும்போது வாசித்தது

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

இன்று கும்பகோணம் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்ணின் போனில் என் ட்ரம்பெட் கேட்டது. அடியில் மெதுவான ஹிப்ஹாப் தாளம்.

"என்ன பாட்டும்மா?"

"ஜாஸ் ஆல்பம் அங்கிள். கனடாவுல ரெண்டு பேர் சேர்ந்து போட்டது. நாளைக்கு அக்கா கல்யாணத்துல, பொண்ணு மேடைக்கு வர்றப்ப இதான்!"

அந்த இருவரில் ஒருவன் என் அத்தை மகன். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது நான் வாசித்ததை போனில் பதிவுசெய்து கொண்டுபோனவன்.

எங்கள் சர்ச் பேண்டில் அந்த மெட்டை ஒத்திகைக்குக்கூட வீட்டுக்குள் வாசிக்க மாட்டோம். வாசித்தால் அங்கே இன்னொரு பெட்டி வரும் என்பார்கள்.

எம்.ஏ. படித்த நான் இந்த நம்பிக்கையை அவளிடம் எப்படிச் சொல்வது? திருவிடைமருதூரில் இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் பாட்டுப் போட்ட பெண்ணே, இதைப் படித்தால் பாட்டை மாற்றிவிடம்மா. ஆல்பத்தில் என் பெயர் இல்லை, இந்தப் பதிவிலும் போடவில்லை.