இர்மினா அண்ணி வெட்டிய குளம்

இர்மினா அண்ணி பஸ் ஓட்டுகிறவள். சுவாவ்கி நகரத்தில் கிளம்பி, ஏரிக்கரை ஊர்களையெல்லாம் தொட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வரும் பழைய பஸ் அது. பனி கொட்டும் மாதங்களில் அந்தப் பாதைக்குப் போகச் சொன்னால் மற்ற ஓட்டுநர்களுக்குத் திடீரென்று முதுகு வலிக்கும். அண்ணிக்கு மட்டும் எந்த வலியும் வராது. பேச்சு குறைவு. சிரித்தால்கூட ஒரு பக்க உதடு மட்டும்தான் கொஞ்சம் மேலே போகும்.

அவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் ஸெனோன் அதற்கு நேர் எதிர். கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். அவனுடைய கத்தரியைவிட வாய்தான் வேகமாக ஓடும். முடி வளராதவர்கள்கூட அவன் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் பேசுகிற வேலையை மொத்தமாக அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணி நிம்மதியாக இருக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு வசந்தகாலக் காலையில், யாரோ ஒருவரின் முகத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தபோது அண்ணன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போனது. முழுக்கப் போயிருந்தால்கூட ஒரு மாதிரி பழகியிருப்பான். வார்த்தைகள் இடம் மாறி வந்ததுதான் கொடுமை. உப்பைக் கேட்க நினைத்தால் "ஜன்னல்" என்பான். தப்பாகச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியும். திருத்தப் பார்ப்பான், மறுபடி "ஜன்னல்" என்றே வரும். முகம் சிவந்து கரண்டியைத் தூக்கி எறிவான். கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். பழைய நண்பர்கள் பார்க்க வந்தால் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

உடற்பயிற்சி கொடுக்கிற மருத்துவமனையில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். அங்கே நடைபாதையில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருந்தது. சக்கர நாற்காலியை அதன் முன்னால் நிறுத்தினால் அண்ணன் முகம் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று நர்ஸ் சொன்னாள். அண்ணி போய் மறைந்து நின்று பார்த்தாள். ஒரு மீன் கண்ணாடியோரம் வந்து நின்றது. அண்ணனின் இடது கை எழுந்து அதைத் தொடப் போனது. அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே உருளைக்கிழங்கு போட்டிருந்த இடத்தில் மண்வெட்டியை இறக்கினாள்.

பக்கத்து வீட்டு புருனோன் வேலியில் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார்.

"என்ன இர்மினா, யாரைப் புதைக்கப் போறே?"

"அதிகமாப் பேசுனா உங்களத்தான்."

"என் நீளத்துக்கு இந்தக் குழி பத்தாது."

"மடிச்சுப் போட்டுக்கறேன்."

அந்த முதல் குளம் தொடையளவு ஆழம்தான். கறுப்பு ரப்பர் விரிப்பை விரித்துத் தண்ணீர் நிரப்பி, சந்தையில் வாங்கிய தங்கமீன்களை விட்டாள். வீடு திரும்பிய அண்ணன் முதலில் தடியை ஊன்றி ஜன்னலில் நின்று பார்த்தான். பிறகு வாசல்படி வரை வந்தான். ஆகஸ்ட் மாதத்தில் கரையில் போட்ட பலகையில் உட்கார்ந்து ரொட்டித் துணுக்கு போடத் தொடங்கியிருந்தான். பேசவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றுபோனது.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி அண்ணிக்குத் தெரியாததா? சாலையில் அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். தண்ணீருக்கு அடியில் என்ன செய்யும் என்பதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை. ஜனவரியில் குளம் மூடி இறுகியபோது மீன்களுக்கு மூச்சு முட்டுமே என்று கோடரியை எடுத்து ஓங்கி ஓங்கி ஐஸை உடைத்தாள். மறுநாள் மறுபடி மூடியது, மறுபடி உடைத்தாள். மார்ச்சில் ஐஸ் உருகியதும், இலையுதிர் காலத்தில் விழுந்து அழுகிய இலைகளோடு சேர்ந்து மீன்களெல்லாம் வயிறு மேலாக மிதந்தன.

அண்ணன் ஜன்னலில் நின்று பார்த்தான். கட்டிலுக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணி, விட்டுடுங்க. குழிய மூடிட்டுப் பழையபடி கிழங்கே போட்டுடலாம்," என்றேன் நான்.

"மூடலாம்," என்றாள். ஆனால் மூடவில்லை.

அவளுடைய பஸ்ஸில் குளிர்காலம் முழுக்க மீன்பிடிக்கிற கிழவர்கள் ஏறுவார்கள். உறைந்த ஏரியில் துளை போட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள். அதுவரை அவர்களிடம் டிக்கெட்டைத் தவிர வேறு எதையும் அவள் பேசியதில்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில், பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி, "ஏம்ப்பா, குளத்துல மீன் எப்படிக் குளிரைத் தாண்டும்?" என்று கேட்டாளாம். பஸ்ஸில் இருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"ஆழம் வேணும்மா! ஐஸ் அடியைத் தொட்டுச்சுன்னா முடிஞ்சுது கதை."

"கோடரியால அடிச்சியா? அட பாவி! உன் தலைக்கு மேல கூரையில இடி விழுந்தா உனக்கு எப்படி இருக்கும்? அதுக்கும் அப்படித்தான்."

"சுடுதண்ணிப் பாத்திரத்த ஐஸ் மேல வெச்சா தானா ஓட்டை விழுந்துடும். அடிக்கவே கூடாது."

"வைக்கோல கட்டு கட்டா நட்டு வையி. உள்ள இருக்கற கெட்ட காத்து அது வழியா வெளிய போயிடும்."

"குளிர்ல தீனி போடாதே. அதுங்க தூங்கற நேரம். உன்னைத் தூக்கத்துல எழுப்பிச் சோறு ஊட்டுனா நல்லா இருக்குமா?"

"கொஞ்சம் வோட்கா ஊத்து தாயி," என்றார் கடைசி இருக்கைக்காரர்.

"அது உனக்கு. மீனுக்கு இல்ல!"

பஸ் அன்று ரொம்பத் தாமதமாகக் கிளம்பியது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

மே மாதத்தில் அண்ணி மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். இந்த முறை ஆழம் இடுப்பைத் தாண்டியது. புருனோன் தன் கேலிகளோடு கூடவே மண் அள்ளும் டிராக்டரையும் வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். ஒருநாள் அண்ணன் எழுந்து, தடியை ஊன்றி, குழியின் விளிம்பு வரை நடந்து வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். தடியால் தரையைக் குத்தினான். மறுபடி குத்தினான்.

"இன்னும் தோண்டணுமா?" என்று உள்ளிருந்து அண்ணி கேட்டாள்.

தலையை ஆட்டினான். புருனோன் வாய்விட்டுச் சிரித்தார். "மேஸ்திரி வந்துட்டாருப்பா! இனி நமக்கு ஓய்வு கிடையாது."

என் தோள் மறையும் ஆழத்துக்குக் குளம் இறங்கியது. இந்த முறை தங்கமீன்களோடு, மீன்பண்ணையிலிருந்து வண்ணக் கெண்டைக் குஞ்சுகளும் வந்தன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் இளம்பெண், அண்ணனைக் கரைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்து, "இந்த மீனுக்கு ஒரு பேர் சொல்லுங்க," என்பாள். முதல் முறை அண்ணன் ஒவ்வொரு மீனாகப் பார்த்தான். பிறகு வெள்ளை மீனைக் காட்டி, "வியாழக்கிழமை," என்றான். உடனே கோபத்தில் உதட்டைக் கடித்தான்.

"நல்ல பேருதானே? வியாழக்கிழமைன்னே இருக்கட்டும்," என்றாள் அண்ணி சட்டென்று.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கேலி இல்லை என்பது தெரிந்ததும் சிவப்பு மீனைக் காட்டி "வாளி" என்றான். புள்ளி போட்டதற்கு "மாமியார்" என்று வந்தது. அதற்கு அவனே சிரித்துவிட்டான். நோய் வந்தபிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தப் பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன. எங்கள் தெருவில் யாராவது "மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் எந்த மாமியார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

இலையுதிர் காலத்தில் அண்ணி குளத்தின்மேல் வலை கட்டினாள். இலைகளை அள்ளிக் கொட்டினாள். குளிர் ஏறியதும் தீனியை நிறுத்தினாள். வைக்கோல் கட்டுகளை நட்டாள். பஸ் கிழவர்கள் சொன்னதற்கு மேலாக, தண்ணீரில் குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஒன்றையும் வாங்கி வைத்தாள். குமிழி எழும்பும் இடத்தில் மட்டும் ஐஸ் பிடிக்காமல் ஒரு தட்டளவு தண்ணீர் திறந்தே கிடக்கும். அண்ணன் காலையில் எழுந்ததும் முதலில் ஜன்னல் வழியே அதைத்தான் பார்ப்பான்.

பிப்ரவரியில் அந்தப் பெரிய பனிப்புயல் வந்தது. வேலி பாதி மறைந்தது, சாலை முழுக்க மறைந்தது. பஸ்கள் நின்றன. அண்ணி வீட்டில் இருந்தாள். நான் ஒரு பானை பீட்ரூட் சூப் எடுத்துக்கொண்டு முழங்கால் பனியில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போய், அதை அடுப்பில் சூடாக்க வைத்திருந்தேன்.

ஜன்னலில் நின்ற அண்ணன் திடீரென்று கத்தினான்.

"பஸ்! பஸ்!"

"பஸ் இன்னைக்கு ஓடாது ஸெனோன். ரோடே காணோம்," என்றாள் அண்ணி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

"பஸ்! பஸ்!" ஜன்னல் கண்ணாடியை இடது கையால் தட்டினான்.

அவள் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருப்பக்கம் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணுமில்லையே. யார் வந்தா?"

அண்ணன் பல்லைக் கடித்தான். தடியை எடுத்தான். செருப்புகூடப் போடாமல், காலுறையோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கிவிட்டான். நாங்கள் இருவரும் அலறிக்கொண்டு பின்னால் ஓடினோம். விழாமல் குளக்கரை வரை போய் நின்று, தடியை நீட்டிக் காட்டினான்.

குமிழி இல்லை. மோட்டார் எப்போதோ நின்றுபோயிருந்தது. திறந்திருந்த இடம் மூடி, அதன்மேல் புதுப்பனியும் விழுந்திருந்தது. அண்ணி மண்டியிட்டு உள்ளங்கையால் பனியைத் துடைத்தாள். மெல்லிய ஐஸுக்குக் கீழே வாளி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வியாழக்கிழமையும் இருந்தது. தூங்க வேண்டிய மீன்கள் மேலே வந்து காற்றுக்குத் தவித்தன.

"அடுப்புல இருக்கற சூப்பு பானைய எடுத்துட்டு வா!" என்றாள் என்னிடம்.

சூப்போடு பானையை ஐஸ்மேல் வைத்தோம். அது மெதுவாக உருகித் தண்ணீர் கண் திறந்தது. ஆனால் காற்றுக்கு என்ன செய்வது? கடைக்குப் போகச் சாலை இல்லை. அண்ணி அலமாரியைக் கவிழ்த்துத் தேடி, கோடையில் ஏரிக்குக் கொண்டுபோகும் காற்று மெத்தையின் மிதிபம்பை எடுத்து வந்தாள். குழாயைத் தண்ணீருக்குள் பாதி ஆழம் வரை விட்டு மிதித்தாள். குமிழி வந்தது.

அண்ணன் அவள் தோளைத் தட்டினான். ஜன்னல் வழியே தெரிந்த அடுப்படி நாற்காலியைக் காட்டினான். பிறகு தன் இடது காலைக் காட்டினான்.

"குளிரும் ஸெனோன் உனக்கு. உள்ள போ."

அவன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஆட்டுத்தோல் கோட்டு, இரண்டு கம்பளி, தொப்பி எல்லாம் போட்டு அவனை நாற்காலியில் உட்கார வைத்தோம். நல்ல காலால் மிதிக்கத் தொடங்கினான். சத்தம் கேட்டு வந்த புருனோன் வேலிக்கு அப்பால் திகைத்து நின்றார்.

"என்னடா ஸெனோன், சைக்கிள் ஓட்டறியா?"

"மாமியார்!" என்று மூச்சிரைக்கச் சொன்னான் அண்ணன். இந்த முறை அது சரியான வார்த்தை.

புருனோன் வேலியைத் தாண்டி வந்து அடுத்த முறைக்கு உட்கார்ந்தார். அன்று முழுக்க மாறி மாறி மிதித்தோம். இருட்டும் முன் சாலையைத் திறந்துவிட்டார்கள். புருனோன் டிராக்டரில் நகரத்துக்குப் போய்ப் புது மோட்டாரோடு வந்தார். பானைச் சூப்பைக் கரையிலேயே நின்று குடித்தோம். ஐஸில் ஆறிப்போயிருந்தது, ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

வசந்தத்தில் சில தங்கமீன்கள் போயிருந்தன. பெயர் வைத்தவை எல்லாம் பிழைத்திருந்தன. ஜூன் மாதத்தில், நாணல் ஓரத்தில் கொசுப்புழு என்று நான் நினைத்ததைப் பார்த்து அண்ணி குனிந்தவள் நிமிரவே இல்லை. கறுப்புக் கறுப்பாய்க் கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள்.

அண்ணனுக்கு வார்த்தைகள் இன்றைக்கும் முழுதாகத் திரும்பவில்லை. வருகிறது, போகிறது, இடம் மாறுகிறது. ஆனால் வாயை மூடுவதை விட்டுவிட்டான். அந்தக் கோடையில் பேச்சுப் பயிற்சிப் பெண் இன்னொருவரைக் கூட்டி வந்தாள். காஸ்பெர் என்று பெயர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். அதே நோய், அதே மாதிரி பேச்சை நிறுத்திவிட்டவர். அவர் மனைவி வாசலிலேயே அண்ணியிடம் மெல்ல, "வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டேன்னார்ங்க. மீன் பாக்கலாம்னு சொல்லித்தான் இழுத்துட்டு வந்தேன்," என்றாள்.

இருவரையும் கரைப் பலகையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் அடுப்படிக்கு வந்தோம். பிறகு அண்ணன் குரல் கேட்டது, ஏதோ ஒரு கதையை ஆரம்பித்திருந்தான். பாதி வார்த்தை தப்பு. காஸ்பெர் பதில் சொன்னார், அதுவும் தப்பு. "ஏணி" என்றார் காஸ்பெர். "அதேதான், ஏணி, ஏணி!" என்றான் அண்ணன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காஸ்பெரின் மனைவி ஜன்னலருகே போய் நின்றாள். "என்னதான் பேசறாங்க?"

"யாருக்குத் தெரியும்," என்றாள் அண்ணி. அவள் உதடு ஒரு பக்கம் மேலே போயிருந்தது. "உக்காருங்க. இது இப்போதைக்கு முடியாது. சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போங்க."